திபா மன்னர்: கரைந்துபோன அரியணை



நம் மரக்காணம் உப்பளங்களில் கோடை முழுக்க வாரிக் குவித்த உப்பை ஒரே மழை கரைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறீர்கள். பர்மாவின் கடைசி மன்னர் திபாவின் ஆட்சியும் அப்படித்தான் கரைந்தது.

1878-ல், 19 வயதில் அரியணை ஏறினார். போட்டிக்கு யாரும் வரக்கூடாதென்று மறு ஆண்டே அரச குடும்பத்தினர் பலர், பெண்கள் குழந்தைகள் உட்பட, கொல்லப்பட்டனர். திட்டமிட்டவர்கள் மாமியாரும் அமைச்சர்களும் என்றாலும், மன்னர் தடுக்கவில்லை. உறவின் இரத்தத்தால் காத்த அந்த அரியணை அதன்பின் ஏழு ஆண்டுகூட நிலைக்கவில்லை. 1885 நவம்பரில் ஆங்கிலேயப் படை இரண்டே வாரத்தில் மாண்டலேயைப் பிடித்தது. மன்னரைக் கப்பலில் சென்னைக்குக் கொண்டுவந்து, 1886-ல் மேற்குக் கடற்கரை ரத்னகிரியில் சிறைவைத்தார்கள். நகைகளை விற்றுக் காலம் தள்ளினார். தாய்மண்ணை மீண்டும் காணாமலே 1916-ல் அங்கேயே இறந்தார்.

டெல்லியின் பகதூர் ஷா ஜஃபரை ரங்கூனுக்கு நாடு கடத்தியதும் இதே ஆங்கிலேயர்தான். அவர்களுடைய ஆட்சியும் இன்று இல்லை.

சகோதரர்களே! நமக்கு அரியணை இல்லை. ஆனால் கூலியாட்களும் கூடப்பிறந்தவர்களும் இருக்கிறார்கள். சகோதரியின் வாரிசுப் பங்கை அமுக்கிச் சேர்த்த சொத்தும் கரையும். அது உங்கள் கையில் இருந்தால், அடுத்த ஜும்ஆவுக்குள் கொடுத்துவிடுங்கள்.

அநியாயம் செய்யாமல் வாழும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன்.