எல்லிஸ் ஆர். டங்கன்

எல்லிஸ் ஆர். டங்கன் (மே 11, 1909 – டிசம்பர் 1, 2001) தமிழ்த் திரைப்படங்களை இயக்கிய அமெரிக்கர் ஆவார். தமிழ் மொழி அறியாத இவர், கறுப்பு வெள்ளைப் படப்பிடிப்புக்கு ஏற்ற ஒப்பனை முறையைத் தமிழ்த் திரையுலகில் அறிமுகப்படுத்தியவராகக் குறிப்பிடப்படுகிறார்.

வாழ்க்கைச் சுருக்கம்

டங்கன் ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் உள்ள பார்ட்டன் என்னும் ஊரில் பிறந்தார். பள்ளிப் பருவத்திலேயே புகைப்படக் கலையில் ஆர்வம் கொண்டார். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை பயின்றபோது உடன் படித்த மாணிக் லால் டாண்டனின் அழைப்பை ஏற்று 1935ஆம் ஆண்டில் இந்தியா வந்தார். டாண்டனின் பரிந்துரையால் சதி லீலாவதி (1936) படத்தை இயக்கும் வாய்ப்பைப் பெற்றார். எம். ஜி. இராமச்சந்திரன் நடித்த முதல் படம் இதுவே.

ஒப்பனையும் ஒளியமைப்பும்

அக்காலத் தமிழ்த் திரை நடிகர்களில் பலர் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் முகம் தெரியும்படி அரிதாரத்தைத் தடிப்பாகப் பூசுவது மேடை வழக்கம். அண்மைக் காட்சியில் அப்பூச்சு முகபாவத்தை மறைத்துவிடும்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறங்கள் யாவும் சாம்பல் நிறத்தின் பல சாயல்களாகவே பதிவாகின்றன. பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் படச்சுருள் சிவப்பை உணராது. ஆகவே சிவந்த உதடு கறுத்துத் தோன்றும். 1920களில் பரவிய பான்குரோமேட்டிக் படச்சுருளில் அதே சிவப்பு வெளிறித் தெரியும். எனவே, ஒப்பனைப் பொருளின் நிறத்தைவிட, அது படத்தில் தரும் சாயலே முக்கியமானது. இதற்கென மாக்ஸ் ஃபாக்டர் 1928இல் ஹாலிவுட்டில் தனி ஒப்பனை வகையை உருவாக்கினார். அச்சூழலில் பயின்று வந்த டங்கன், மேடைப் பாணியிலிருந்து தமிழ்த் திரையை விலக்கிச் செல்ல முயன்றார்.

எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த மீரா (1945) படத்துக்காக இவர் செய்த முன்னேற்பாடு குறிப்பிடத்தக்கது. சுப்புலட்சுமியின் முகத்தைப் போன்ற மார்பளவுச் சிலையொன்று சுண்ணச் சாந்தினால் செய்யப்பட்டது. டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் அச்சிலையின்மீது வெவ்வேறு கோணங்களில் ஒளியைப் பாய்ச்சிப் படமெடுத்துப் பார்த்தனர். முகத்துக்குப் பொருத்தமான கோணங்களையும் ஒளியமைப்பையும் படப்பிடிப்புக்கு முன்னரே தேர்ந்துகொண்டனர். ஒப்பனையால் மட்டும் முகத்தைத் திருத்திவிட முடியாது, ஒளியும் அதனுடன் இணைய வேண்டும் என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

பிற படங்கள்

அம்பிகாபதி (1937), சகுந்தலை (1940), பொன்முடி (1950), மந்திரி குமாரி (1950) ஆகியன இவர் இயக்கிய பிற படங்களுள் சில. நெருக்கமான காதல் காட்சிகளுக்காக இவர் கண்டனத்துக்கும் உள்ளானார்.

பிற்கால வாழ்க்கை

1950இல் டங்கன் இந்தியாவை விட்டு வெளியேறினார். மந்திரி குமாரியின் எஞ்சிய பகுதியை டி. ஆர். சுந்தரம் இயக்கி நிறைவு செய்தார். பின்னர் மேற்கு வர்ஜீனியாவில் ஆவணப்படங்களைத் தயாரித்து வந்த டங்கன், அம்மாநிலத்தின் வீலிங் நகரில் தமது 92ஆம் வயதில் காலமானார்.