மெழுகில் குரல் வடித்த பெருமகன்

பெருங்கடவிளையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களில், கலியாண வீட்டிலே கைப்பிடியைச் சுற்றிக் கிராமபோன் பெட்டியைப் பாட வைத்த காலத்தைச் சொல்லக்கூடிய முதியோர் சிலர் இன்னும் இருக்கின்றனர். பெட்டியின் முன் நாய் அமர்ந்திருக்கும் படமும் அவர்கள் நினைவில் உண்டு. அந்த அந்நியக் கம்பெனி நம் நாட்டில் வேரூன்றிய நாளிலேயே, நம்மவர் ஒருவர் தம் சொந்த முயற்சியால் பாட்டைப் பதிவு செய்து விற்றார் என்பது பலரும் அறியாத செய்தி. அவரே கல்கத்தாவில் எச். போஸ் என்று புகழ்பெற்ற ஹேமேந்திர மோகன் போஸ் ஆவார்.

இன்றைய வங்காளதேசத்தின் மைமன்சிங் பகுதியில் உள்ள ஜயசித்தி என்னும் ஊர் இவர் குடும்பத்தாருக்குச் சொந்த ஊர். 1864 ஆம் ஆண்டில் பிறந்தார். 1898 இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்த ஆனந்த மோகன் போஸ் இவருடைய தந்தையாரின் உடன்பிறந்தவர். வைத்தியம் கற்கக் கல்கத்தா சென்ற இளைஞருக்குச் சோதனைச்சாலையில் நேர்ந்த விபத்தினால் கண்கள் பாதிக்கப்பட்டன, படிப்பு நின்றது. அவர் மனம் தளரவில்லை, கைத்தொழிலில் இறங்கினார்.

முதலில் குந்தளீன் என்னும் கூந்தல் தைலமும் வாசனைத் திரவியங்களும் செய்து விற்றார். விளம்பரத்திலும் இவர் வழி தனி வழி. தைலத்தின் பெயர் கதையில் இயல்பாக வரவேண்டும், விளம்பரம்போல் தோன்றக் கூடாது என்று விதித்துச் சிறுகதைப் போட்டி நடத்தினார். 1896 இல் முதற்பரிசு பெற்ற கதையை எழுதியவர் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ். 1903 இல் மாமன் பெயரில் கதை அனுப்பிப் பரிசு பெற்றவர், நம் தமிழ் வாசகர் நன்கறிந்த சரத் சந்திரர்.

இனி, பேசும் பொறிக்கு வருவோம். 1877 இல் எடிசன் கண்ட போனோகிராப் பின்னர் மெழுகு உருளையைக் கொண்டு இயங்கலாயிற்று. புனலின் முன் ஒருவர் உரக்கப் பாடினால், அதன் அடியிலுள்ள மெல்லிய தகடு அதிரும். தகட்டோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகின்மேல் மேடுபள்ளமாகக் கோடு கீறும். அக்கோட்டின்மேல் மீண்டும் ஊசியை ஓட்டினால் பாடியவர் குரல் புனல் வழியே வெளிவரும். போஸ் இப்பொறிகளை வரவழைத்து விற்றதோடு நில்லாமல், உருளைகளில் வங்கப் பாடகர்களைப் பதிவு செய்து, 1906 இல் தம் பெயராலேயே வெளியிட்டார்.

அது வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டெரிந்த காலம். அதே 1906 இல்தான் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டார். அங்கே கப்பல், இங்கே பாட்டு. மகாகவி ரவீந்திரநாத தாகூரின் குரலையும், தேசபக்திப் பாடல்களையும் போஸ் உருளையில் ஏற்றினார்.

ஆயினும், போட்டி கடுமையாயிருந்தது. உருளைகளைப் பெருந்தொகையாகச் செய்தல் அரிது. தட்டுக்கோ ஓர் உலோக அச்சுப் போதும். அரக்குக் கலவையில் ஆயிரக்கணக்கில் அழுத்தி எடுக்கலாம். அந்நியக் கம்பெனி 1902 இல் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரைப் பதிவு செய்தது. 1908 இல் அங்கேயே தொழிற்சாலையும் திறந்தது. மேலும், மெழுகு மென்மையானது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கோடு தேயும். விரும்பிக் கேட்ட பாட்டே விரைவில் அழியும்!

இதை உணர்ந்த போஸ், பிரான்சு தேசத்துப் பாத்தே கம்பெனியாருடன் ஏற்பாடு செய்து, தம் உருளைகளிலிருந்த குரல்களைத் தட்டுகளுக்கு மாற்றுவித்தார். பாத்தே தட்டிலும் கோடு மேடுபள்ளமாகவே அமைந்தது. தாகூரின் அக்காலக் குரல் இன்று கேட்கக் கிடைப்பது அத்தட்டுகளால்தான். மெழுகு உருளைகளில் மிகப் பல அழிந்தன.

1916 ஆகஸ்டு 28 ஆம் நாள் போஸ் காலமானார். அவர் தொட்ட தொழில் மக்கள் கையில் வேறு வகையில் வளர்ந்தது. புதல்வர் நிதின் போஸ் திரைப்பட இயக்குநர். முகுல் போஸ் ஒலிப்பதிவு நிபுணர். பின்னணிப் பாடல் முறையை இந்தியப் படத்தில் முதன்முதல் புகுத்திய 1935 ஆம் ஆண்டின் பாக்ய சக்ரா, இவ்விருவரும் உழைத்த படமே.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. குரலைப் பிடிப்பது பாதி வேலை. பிறிதொன்றில் பெயர்த்துக் காப்பது மறுபாதி. என் பாட்டியார் பாடிய தாலாட்டு அவரோடு போயிற்று. அதைப் பதிய வேண்டுமென்று எங்கள் வீட்டில் எவருக்கும் தோன்றவில்லை. இன்றோ சிறுவர் கையிலும் பதிவு செய்யும் கைப்பேசி இருக்கிறது. மலையாள நாட்டில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு, ஊரிலிருந்து வந்த பாட்டன்மார், பாட்டிமார் பேசிய தமிழ் கேட்க வேண்டுமன்றோ? இவ்விழா முடிந்து வீடு திரும்பியதும், நம் குடியிருப்பின் பெரியோர் பாட்டையும் பேச்சையும் பதிவு செய்வோம். ஒரு கருவியோடு விடாது, இரண்டு மூன்று இடங்களில் சேமித்து வைப்போம். மெழுகு தேய்ந்ததுபோல் கைப்பேசியும் ஒருநாள் பழுதாகும்.