பஞ்ச காலத்தில் வேதநாயகர்

தமிழின் முதல் நாவலாசிரியர் என்னும் புகழ், மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் (1826–1889) ஈகை வாழ்வைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது எனலாம். திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவர், மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றினார். 1876–78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டிகள் அமைத்து ஏழையரின் பசி தணித்தார். பஞ்சம் நீங்க வேண்டிக் கீர்த்தனைகளும் இயற்றினார். இக்கொடையைக் கண்டு நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார், தாம் சைவராயினும் அவரைக் கீர்த்தனையால் போற்றினார். கிறித்தவப் பற்றும் சமய சமரசமும் வேதநாயகரிடம் முரண்படவில்லை. பசித்தவர்க்கு உணவளித்த செயலில் அவை ஒன்றாயின. ஆதலின், அவருடைய சத்திய வேதக் கீர்த்தனைகளையும் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளையும் இவ்வாழ்வோடு இணைத்தே ஆராய்தல் வேண்டும்.