போக்கரில் எப்போது ரெய்ஸ் பண்ணணும்? கணக்குப் போட்டுச் சொன்ன வான் நியூமன்

இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கு 'வான் நியூமன் ஆர்க்கிடெக்சர்' என்ற பெயர் மறக்காது. கம்ப்யூட்டருக்கு வடிவம் கொடுத்த அதே ஜான் வான் நியூமன்தான் சீட்டாட்டப் பந்தயத்தையும் கணிதமாக மாற்றியவர்.

யார் இவர்?

1903 டிசம்பர் 28-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் வங்கியாளர் மகனாகப் பிறந்தார். 1926-ல் சூரிச்சில் கெமிக்கல் இன்ஜினீயரிங் பட்டயம், அதே ஆண்டு புடாபெஸ்ட்டில் கணித டாக்டர் பட்டம். 1928-ல் ஆட்டங்களின் கணிதம் பற்றிய கட்டுரையை வெளியிட்டபோது வயது 24. பிறகு அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்குப் போனார். 1944-ல் பொருளாதார அறிஞர் ஆஸ்கர் மார்கென்ஸ்டெர்னுடன் எழுதிய புத்தகத்தில் போக்கருக்கே ஒரு பகுதி ஒதுக்கினார்.

பொய்யும் ஒரு கணக்கு

நல்ல சீட்டு வந்தால் மட்டும் பந்தயத்தை ஏற்றினால் எதிராளி உஷாராகி விலகிவிடுவார். அதனால் மோசமான சீட்டிலும் சில நேரம் பெரிசாகக் கட்டணும். அதுதான் பிளஃப். மாட்டிக்கிட்டாலும் லாபம் உண்டு: அடுத்த முறை நிஜமான சீட்டுக்கும் எதிராளி பணம் போடுவார். பிளஃப் அடிப்பது தைரியம் இல்லை, விகிதம் என்று காட்டியவர் வான் நியூமன்.

லிமிட் ஹோல்டம் ஆட்டத்தில் இது இன்னும் தெளிவு. பந்தயத் தொகை நிலையானது. ஒரு சுற்றில் இத்தனை முறைதான் ரெய்ஸ் என்ற வரம்பும் உண்டு. கடைசிச் சுற்றில் மேசையில் 80 ரூபாய் இருக்கும்போது ஒருவர் 10 கட்டுகிறார் என வைப்போம். எதிராளி 10 போட்டு 90-ஐப் பிடிக்கலாம். பத்தில் ஒரு தடவை ஜெயித்தாலே அவருக்கு நஷ்டமில்லை. ஆக, கட்டுபவரின் பத்துப் பந்தயத்தில் ஒன்று பிளஃபாக இருந்தால் சரி. அதுக்கு மேல போனால் எதிராளிக்குத்தான் கொண்டாட்டம்.

அணுகுண்டுத் திட்டத்திலும் வேலை பார்த்த வான் நியூமன், புற்றுநோயால் 1957 பிப்ரவரி 8-ல் இறந்தார். வயது 53. அவர் தொடங்கிய கணக்கு நிற்கவில்லை. இருவர் ஆடும் லிமிட் ஹோல்டம் ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட முழுத் தீர்வு கண்டுவிட்டதாக, கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் அறிவித்தனர். அந்த புரோகிராமின் பெயர் செஃபியஸ். தனக்குத்தானே ஆடி ஆடிக் கற்றுக்கொண்டது.

நமக்கு என்ன?

போக்கர் திறமை ஆட்டம்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது. ஆனால் திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கள்ளக்குறிச்சி டவுனில் ஆடினாலும், கல்வராயன் மலையின் வெள்ளிமலையில் ஆடினாலும் அதே சட்டம்தான்.

சட்டத்தை விட்டாலும் கணக்கு விடாது. ஒருத்தர் ஜெயிக்கும் பணம் இன்னொருத்தர் தோற்ற பணம். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஆப் கமிஷன் எடுத்துக்கொண்டால், சமமான திறமையுள்ள இருவரும் நாளடைவில் நஷ்டப்படுவார்கள். திரைக்கு அந்தப் பக்கம் செஃபியஸ் மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தால், சமம் என்ற பேச்சே இல்லை.