கோழி இல்லாமல் குஞ்சு பொரித்தவர்



போன கோடை லீவுல எங்க ஆச்சியோட அடைக்கோழியைக் கீரி பிடிச்சிட்டுப் போயிருச்சு. கூடையில் கிடந்த 8 முட்டையையும் நான் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, 40 வாட்ஸ் பல்பைப் போட்டேன். சூடு சரியா இருக்கான்னு கையை வைத்துத்தான் பார்த்தேன். 21 நாள் ஆச்சு. ஒரு குஞ்சுகூட வரலை. ஆச்சி திட்டலை, ஆனா எனக்கு மனசே ஆறலை. அப்போது எங்க அறிவியல் சார் சொன்ன கதைதான் இது.

ரெனே ரெயோமூர் 1683-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் லா ரொஷேல் என்ற ஊரில் பிறந்தார். அதுவும் நம்ம தூத்துக்குடி மாதிரி ஒரு துறைமுகப் பட்டணம்தான். 1708-ல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் உறுப்பினரானார். நம்ம ஊருக்குப் பேர் வாங்கித் தந்த முத்தையும் அவர் ஆராய்ந்தார். சிப்பி ஓடு உண்டாகும் பொருளில்தான் முத்தும் உண்டாகிறது என்று 1717-ல் விளக்கினார். 1730-ல் புது வெப்பமானி ஒன்றைச் செய்தார். அதில் தண்ணீர் உறைவது 0, கொதிப்பது 80.

எகிப்து நாட்டில் பழங்காலம் தொட்டே பெரிய மண் அடுப்புகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிக்க வைப்பார்கள். அவர்களுக்குச் சூடு கைப்பழக்கம். அந்தப் பழக்கம் இல்லாதவர்களும் செய்ய வேண்டும் என்று ரெயோமூர் நினைத்தார். மரப்பீப்பாயை எருக்குவியலில் புதைத்து, அந்தச் சூட்டில் முட்டை வைத்தார். முதலில் அவருக்கும் தோல்விதான்! எருவின் ஈர ஆவி முட்டைகளைக் கெடுத்துவிட்டது. காரணத்தைக் கண்டுபிடித்து, ஆவி உள்ளே போகாதபடி செய்தார். வெப்பமானியையும் முட்டைகளோடு வைத்தார். குஞ்சுகள் வெளியே வந்தன!

வெப்பமானி வாங்க முடியாதவர்களுக்கும் ஒரு வழி சொன்னார். வெண்ணெயோடு கொஞ்சம் கொழுப்பை உருக்கிச் சின்னக் குப்பியில் ஊற்றி முட்டைகளுக்கு நடுவே வைக்க வேண்டும். உறைந்தால் சூடு குறைவு, தண்ணீராய் ஓடினால் சூடு அதிகம். இதையெல்லாம் 1749-ல் புத்தகமாக வெளியிட்டார். 1757-ல் குதிரையிலிருந்து விழுந்து காலமானார்.

இதைக் கேட்டதும் மறுபடி செஞ்சு பார்க்கத் தோணிச்சு. ஆச்சி இன்னொரு கோழியிட்ட 10 முட்டையை நம்பிக் கொடுத்தாங்க. இந்தத் தடவை வெப்பமானி, பழைய கம்ப்யூட்டர் ஃபேன், ஒரு கிண்ணம் தண்ணீர் எல்லாம் வைத்தேன். சூடு 37.5 டிகிரி செல்சியஸ். ரெயோமூர் கணக்கில் அது சரியா 30! தினமும் 3 தடவை முட்டைகளைத் திருப்பி, 18-ஆம் நாளோடு நிறுத்தினேன். 21-ஆம் நாள் காலையில் பெட்டிக்குள் கீச் கீச் சத்தம்! ஓடிப்போய் ஆச்சியைக் கூட்டிட்டு வந்தேன். மொத்தம் 5 குஞ்சு.

மீதி 5 ஏன் பொரிக்கலை? தினமும் எத்தனை டிகிரி, எப்போ கரண்ட் போச்சு எல்லாம் நோட்டில் இருக்கு. அதைத்தான் இப்போ பார்த்துக்கிட்டு இருக்கேன். நண்பர்களே, தோற்றால் அழ வேண்டாம், அளந்து பார்ப்போம்!


— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்