வீடே பள்ளியாயிற்று: ஹெலன் கெல்லரின் இளமைக் காலம்

ஹெலன் கெல்லரின் பெயரை அறியாதவர் அரிது. பார்வையும் செவிப்புலனும் இழந்த நிலையில் பட்டம் பெற்றார், நூல்கள் எழுதினார், 35-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்று பார்வையற்றோருக்காகப் பாடுபட்டார் என்று பள்ளிப் பாடங்களில் படித்திருக்கிறோம். ஆனால் அவர் முதன்முதலில் கல்வி பெற்றது எந்தப் பள்ளியிலும் அன்று. தாம் பிறந்த வீட்டில்தான். உணவு மேசையும் தோட்டமும் கிணற்றடியுமே அவருடைய வகுப்பறைகளாயின. சிறப்புத் தேவை உடைய குழந்தையை வீட்டில் வைத்தே கற்பிக்கும் பெற்றோர் நம்மிடையே பலர் இருக்கின்றனர். ஹெலன் பிற்காலத்தில் பெற்ற புகழைவிட, அந்த வீட்டில் நிகழ்ந்தவையே அவர்களுக்கு அதிகம் பயன்படக்கூடியவை.

இருள் சூழ்ந்த இல்லம்

அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலத்தில் டஸ்கம்பியா என்பது ஒரு சிற்றூர். அங்கே 1880-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் ஹெலன் பிறந்தார். தந்தை ஆர்தர் கெல்லர் முன்னாள் படை அதிகாரி; பின்னர் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியராக இருந்தார். தாய் கேட் கெல்லர் நூல்களை விரும்பிப் படிப்பவர்.

குழந்தைக்குப் பத்தொன்பது மாதம் நிரம்பியபோது கடும் காய்ச்சல் கண்டது. மருத்துவர்கள் நம்பிக்கை இழந்த வேளையில் காய்ச்சல் திடீரென நீங்கியது. வீட்டார் மகிழ்ந்தனர். ஆனால் கண்ணொளியையும் செவிப்புலனையும் அந்நோய் கொண்டுபோய்விட்டது என்பது சில நாட்களில் அவர்களுக்குத் தெரிந்தது. அது மூளையுறை அழற்சியாக இருந்திருக்கலாம் என்று இன்றைய மருத்துவர்கள் பலர் கருதுகின்றனர்.

பேச்சுக் கல்லாத அக்குழந்தை தானே ஒரு மொழியைப் படைத்துக்கொண்டது. ரொட்டி வேண்டுமானால் அதனை அறுத்து வெண்ணெய் தடவுவது போலக் காட்டும். பனிக்கூழ் வேண்டுமானால் அதைச் செய்யும் பொறியைச் சுற்றுவது போலக் காட்டிக் குளிரில் நடுங்கும். இத்தகைய சைகைகள் ஏறத்தாழ அறுபது இருந்தன. அவற்றைத் தாய் புரிந்துகொண்டார். சமையற்காரியின் மகளும் புரிந்துகொண்டாள்.

ஆயினும் அறிவு வளர வளர இச்சைகைகள் போதவில்லை. பிறர் உதடுகளை அசைத்துப் பேசிக்கொள்வதைத் தொட்டறிந்த ஹெலன், தானும் உதடுகளை அசைத்துப் பார்த்தாள். பயனில்லாமற்போகவே சினம் கொண்டு உதைத்தாள். சோர்ந்து விழும்வரை அலறினாள். ஒருமுறை தாயைப் பண்டக அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, அவர் கதவைத் தட்டும் அதிர்வை உணர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மற்றொரு முறை தன் தங்கை உறங்கிய தொட்டிலைக் கவிழ்த்துவிட்டாள். தாய் ஓடிவந்து தாங்கியதால் பச்சிளங்குழந்தை தப்பியது.

இக்குழந்தையை ஏதேனும் ஒரு காப்பகத்தில் விட்டுவிடுவதே நல்லது என்று உறவினர் சிலர் கருதினர். தாய் அதற்கு இணங்கவில்லை. மகளை எவ்வாறு கற்பிப்பது என்பதும் அவருக்குத் தெரியவில்லை. சிறப்புத் தேவை உடைய குழந்தையைப் பெற்ற ஒவ்வொரு தாயும் அறிந்த நிலை இது: கைவிட மனமில்லை, செல்லும் வழியும் தெரியவில்லை.

வழி தேடிய பெற்றோர்

வழி ஒரு நூலிலிருந்து கிடைத்தது. ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் 1842-இல் வெளியிட்ட அமெரிக்கப் பயண நூலைக் கேட் கெல்லர் படித்தார். அதில் லாரா பிரிட்ஜ்மன் என்னும் பெண்ணைப் பற்றிய செய்தி இருந்தது. ஹெலனைப் போலவே பார்வையும் கேள்வியும் அற்ற லாராவுக்கு, பாஸ்டன் நகரின் பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் டாக்டர் ஹவ் என்பவர் மொழி கற்பித்திருந்தார். ஹவ் 1876-இலேயே மறைந்துவிட்டார். எனினும் ஒரு குழந்தைக்கு முடிந்தது தம் குழந்தைக்கும் முடியும் என்ற எண்ணம் தாயின் உள்ளத்தில் வேரூன்றியது.

1886-இல் தந்தை ஹெலனைப் பால்டிமோர் நகரக் கண் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார். பார்வையை மீட்க இயலாது, ஆனால் கல்வி அளிக்க இயலும் என்பது அவருடைய முடிவு. அவர் காட்டிய வழியில், காது கேளாதோர் கல்வியில் ஈடுபட்டிருந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லைத் தந்தை சந்தித்தார். பெல்லின் யோசனைப்படி பெர்க்கின்ஸ் பள்ளித் தலைவர் அனாக்னோஸுக்குக் கடிதம் சென்றது. 1887-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் ஆன் சலிவன் டஸ்கம்பியாவில் வந்திறங்கினார்.

அவருக்கு அப்போது வயது இருபது. ஹெலனுக்கு ஏழு வயது நிறையவில்லை. சலிவன் வறுமையில் பிறந்தவர். சிறுவயதில் கண்ணோயால் பார்வை பெரிதும் கெட்டவர். தாயை இழந்து ஏழைகள் விடுதியில் வளர்ந்தவர். தம்பியை அவ்விடுதியிலேயே பறிகொடுத்தவர். பதினான்காம் வயதில்தான் பெர்க்கின்ஸ் பள்ளியில் சேர்ந்தார். அறுவை சிகிச்சைகளால் ஓரளவு பார்வை திரும்பியது. லாரா பிரிட்ஜ்மன் அப்பள்ளியிலேயே வாழ்ந்துவந்தார். அவருடன் பேசுவதற்காகச் சலிவன் விரல் எழுத்தைக் கற்றிருந்தார். ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய விரல் அமைப்பைக் கேட்பவரின் உள்ளங்கையில் பதிக்கும் முறை அது.

இரக்கத்தைத் துறத்தல்

முதல் தடை குழந்தையிடம் இல்லை. வீட்டாரின் இரக்கத்தில் இருந்தது. துன்புற்ற குழந்தை என்று எண்ணி யாரும் ஹெலனைத் தடுப்பதில்லை. உணவு வேளையில் அவள் மேசையைச் சுற்றிவந்து ஒவ்வொருவர் தட்டிலிருந்தும் கையால் எடுத்து உண்பாள். சலிவன் தம் தட்டைத் தொட விடவில்லை. வீட்டார் மனம் வருந்தி வெளியேறினர். அறையில் நெடுநேரம் போராட்டம் நடந்தது. இறுதியில் ஹெலன் கரண்டியால் உண்டு, கைத்துண்டை மடித்து வைத்தாள்.

பெற்றோர் அருகில் இருக்கும்வரை குழந்தை அவர்களிடமே ஓடும் என்பதைச் சலிவன் கண்டார். தோட்டத்திலிருந்த சிறு வீட்டில் ஹெலனுடன் தனித்திருக்க அனுமதி கேட்டார். பெற்றோருக்கு அது எளிய முடிவன்று, எனினும் இசைந்தனர். தந்தை நாள்தோறும் அலுவலகம் செல்லும்போதும் திரும்பும்போதும் சன்னல் வழியே பார்ப்பார். முன்பு ஒரு கணமும் அடங்காத மகள் அமைதியாக அமர்ந்து மணி கோத்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் அவருடன் வீட்டு நாயும் உள்ளே வந்தது. ஹெலன் அதன் காலைப் பிடித்து, தான் கற்ற எழுத்துகளை அதற்குக் கற்பிக்க முயன்றாள். பெற்றது எதுவோ அதைப் பிறருக்குத் தர வேண்டும் என்ற விருப்பம், பொருள் புரிவதற்கு முன்பே அவளிடம் எழுந்துவிட்டது.

இரு வாரங்களுக்குப் பின் இருவரும் வீட்டுக்குத் திரும்பினர். இனித் தாங்கள் குறுக்கிடுவதில்லை என்று பெற்றோர் வாக்களித்திருந்தனர். அன்பு குறையவில்லை, அது கண்டிப்புடன் இணைந்தது. நம் கண்ணீர் குழந்தைக்கு உதவுவதில்லை, குழந்தையால் முடியும் என்ற நம் உறுதியே உதவும் என்பதை அவ்வீடு கற்றது.

கிணற்றடியும் அதன் பிறகும்

ஏப்ரல் 5-ஆம் நாள் நிகழ்ந்ததை உலகம் அறியும். கிணற்றடியில் அடிகுழாயிலிருந்து கொட்டிய குளிர்ந்த நீரை ஒரு கையில் ஏந்தியபடி நின்ற ஹெலனின் மற்றொரு கையில் சலிவன் தண்ணீர் என்னும் சொல்லை எழுதினார். விரல்களின் அசைவும் கையில் பாயும் பொருளும் ஒன்றே என்பது அக்கணத்தில் விளங்கியது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவைத் தத்துவ நூல்கள் விரிவாக ஆராய்கின்றன. இச்சிறுமியோ அதனை நீரில் நனைந்த கையால் கண்டாள். அன்று மாலைக்குள் முப்பது சொற்கள் அவளுக்குத் தெரிந்தன.

ஆனால் அந்த ஒருநாள் அதிசயத்தில் நாம் நின்றுவிடலாகாது. அதற்குமுன் ஒரு மாதம் பயன் தெரியாத உழைப்பு இருந்தது. அதன்பின் பல ஆண்டுகள் ஓயாத உழைப்பு இருந்தது. சலிவன் கால அட்டவணையிட்ட பாடங்களைக் கைவிட்டார். பேசத் தொடங்காத கைக்குழந்தையிடம் தாய் முழு வாக்கியங்களில் பேசுவதைப் போல, அவர் ஹெலனின் கையில் நாள் முழுவதும் பேசினார். டென்னசி ஆற்றங்கரையில் மண்ணாலும் கூழாங்கற்களாலும் மலைகளும் ஆறுகளும் அமைத்துப் பூகோளம் கற்பித்தார். கண்ணாடிக் கலத்தில் வளர்ந்த தலைப்பிரட்டை உயிரியல் பாடமாயிற்று. மணி கோத்தல் கணக்காயிற்று. புடைப்பு எழுத்துச் சொற்களை அந்தந்தப் பொருள்களின்மீதே வைத்து வாக்கியம் அமைக்கச் செய்தார். தாயும் விரல் எழுத்தைக் கற்றுக்கொண்டார். மகளுடன் மகளின் மொழியிலேயே பேசினார்.

இதன் அருமை, லாரா பிரிட்ஜ்மனின் வாழ்வோடு ஒப்பிட்டால் விளங்கும். கல்வி முடிந்து வீடு திரும்பிய லாராவுடன், பண்ணை வேலைகளுக்கு இடையே கையில் எழுதிப் பேச வீட்டாருக்கு நேரமில்லை. அவர் நலிவுற்று மீண்டும் பள்ளிக்கே திரும்ப நேர்ந்தது. 1889-இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். பள்ளி தந்த மொழி வீட்டில் பேசப்படாவிட்டால் குழந்தை வீட்டிலேயே அந்நியமாகிவிடுகிறது.

தாயின் தீர்ப்பு

1888-இல் ஹெலன் பெர்க்கின்ஸுக்குச் சென்றார். 1890-இல் வாய்ப்பேச்சும் கற்கத் தொடங்கினார். இதற்கிடையே தந்தையின் பொருள்நிலை தாழ்ந்தது. ஆசிரியையின் ஊதியத்தையும் தர முடியாதபடி ஆயிற்று. நண்பர்கள் உதவினர். 1896-இல் தந்தை காலமானார். அவ்வாண்டே ஹெலன் கல்லூரி நுழைவுக்காகக் கேம்பிரிட்ஜ் நகரப் பள்ளி ஒன்றில் சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு ஒரு சோதனை வந்தது. சலிவன் ஹெலனை அளவுமீறி உழைக்க வைக்கிறார் என்று கருதிய பள்ளித் தலைவர், இருவரையும் பிரிக்க முனைந்தார். தொலைவிலிருந்த தாயும் கடிதங்களை நம்பி முதலில் அதற்கு இசைந்தார். பின்னர் நேரில் வந்தார், மகளைக் கண்டார், மகளின் விருப்பத்தை அறிந்தார். முடிவை மாற்றி, மகளும் ஆசிரியையும் சேர்ந்தே இருக்கட்டும் என்று தீர்ப்பளித்தார். ஹெலன் அப்பள்ளியை விட்டு விலகித் தனி ஆசிரியரிடம் பயின்று, 1899-இல் நுழைவுத் தேர்வில் வென்றார். 1904-இல் ராட்கிளிஃப் கல்லூரியில் சிறப்புடன் பட்டம் பெற்றார். பார்வையும் கேள்வியும் அற்றோரில் இளங்கலைப் பட்டம் பெற்ற முதல்வர் அவரே. வல்லுநரின் அறிவு பெரிது; ஆயினும் குழந்தையை அருகிலிருந்து அறிந்த தாயின் கண்ணுக்கு ஈடு அதுவன்று.

ஹெலன் 1955-இல் இந்தியாவுக்கும் வந்தார். 1968-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் மறைந்தார். 1936-இல் மறைந்த தம் ஆசிரியையின் அஸ்தி வைக்கப்பட்ட வாஷிங்டன் தேவாலயத்திலேயே அவருடைய அஸ்தியும் வைக்கப்பட்டது.

பெற்றோருக்கு

இவ்வரலாற்றைப் படிக்கும் தாய் ஒருவர், என் குழந்தை ஹெலன் ஆக முடியுமா என்று ஏங்கலாம். அந்த ஏக்கம் தேவையில்லை. எல்லாக் குழந்தைகளும் கல்லூரி செல்வதில்லை. சில குழந்தைகள் பேசுவதும் இல்லை. ஹெலன் பெற்ற முதல் வெற்றி பட்டம் அன்று, தண்ணீர் என்னும் சொல்லும் அன்று. மடித்து வைத்த ஒரு கைத்துண்டு. உங்கள் குழந்தை தானே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்ட நாளும் அத்தகையதே.

இன்று சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், பல்வகைக் குறைபாடும் கடுமையான குறைபாடும் உடைய குழந்தைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறுவதை ஓர் உரிமையாக ஏற்றுள்ளது. அவ்வுரிமையைக் கேட்டுப் பெறுங்கள். கேட் கெல்லர் நூலில் தேடினார்; அவர் கணவர் மருத்துவரிடமும் அறிஞரிடமும் தேடினார்; தகுந்த ஆசிரியை கிடைத்தபோது இருவரும் நம்பினர். நீங்களும் உதவி கேட்கத் தயங்க வேண்டாம். அனைத்தையும் தனியே சுமக்கவும் வேண்டாம்.

பயன் தெரியாத நாட்கள் வரும். அந்த மார்ச் மாதம் முழுவதும் சலிவன் எழுதிய எழுத்துகள் ஹெலனுக்கு வெறும் விரல் விளையாட்டாகவே இருந்தன. அவற்றில் ஒன்றும் வீணாகவில்லை. நாளைக் காலையும் குழந்தையின் கையைப் பற்றிக்கொள்ளுங்கள்; பாடத்தைத் தொடங்குங்கள்.