மைக்கேல் பாரடேயின் தொழில் வாழ்க்கை

கலாசாலைப் படிப்பு முடிவெய்துங் காலத்தில் மாணாக்கர் ஒவ்வொருவர் உள்ளத்திலும் எழும் வினா ஒன்றுண்டு. இனி யாது தொழில் செய்து பிழைப்பது, அத்தொழிலை எங்ஙனம் அடைவது என்பதே அது. கிறிஸ்தவ மாணாக்கர்க்கோ இதனோடு மற்றொரு வினாவும் உடன்பிறக்கின்றது. ஞாயிற்றுக்கிழமையில் ஆலயத்தில் நாம் அறிக்கையிடும் விசுவாசத்திற்கும், திங்கட்கிழமை தொடங்கி நாம் பார்க்கும் உத்தியோகத்திற்கும் தொடர்பு யாது? விண்ணப்பம் அனுப்பும்போது ஜெபித்தலும், வேலை கிடைத்தபின் ஸ்தோத்திரஞ் செலுத்துதலுமே அத்தொடர்பென்று கருதிச் சிலர் அமைகின்றனர். அது நன்றே; ஆயினும் அதனோடு நின்றுவிடுதல் போதாது. இதனை விளக்குதற்பொருட்டு நாம் மைக்கேல் பாரடே என்னும் பெரியாரது சரிதத்தை எடுத்துக்கொண்டோம். காந்தத்தினின்றும் மின்சாரத்தைப் பிறப்பிக்கும் வழியைக் கண்டவர் என்று பௌதிக சாஸ்திரம் பயில்வோர் யாவரும் அவரை அறிவர். அவர் வேலை தேடி வருந்தியவர் என்பதையும், தேடாமலே வந்த பெருஞ் செல்வத்தைக் கைவிட்டவர் என்பதையும் அறிந்தார் சிலரே.

பாரடே 1791 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22 ஆம் தேதி, லண்டன் மாநகரின் தென்புறத்து நியூயிங்டன் பட்ஸ் என்னும் இடத்திற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ், வட இங்கிலாந்திலிருந்து பிழைப்பு நாடி வந்து குடியேறிய கருமார். அவர் நோயாளியாதலின் உலைக்களத்திற்குச் செல்லாத நாட்கள் பல. 1801 ஆம் ஆண்டில் தானிய விலை ஏறியபோது அக்குடும்பம் பொது உதவி பெற்றே பசியாற நேர்ந்தது. அக்காலத்தில் சிறுவர் மைக்கேலுக்கு வாரம் முழுவதற்கும் ஒரு ரொட்டியே பங்காகக் கிடைத்தது. வாசிப்பும் எழுத்தும் சிறிது கணக்கும் கற்றதோடு பள்ளிப்படிப்பும் முடிந்தது.

இவ்வறுமையிடையே அவ்வீட்டில் தெய்வபக்தி குன்றாதிருந்தது. ஜேம்ஸ், சாண்டிமானியர் எனப்படும் சிறிய கிறிஸ்தவ சபையின் அங்கத்தினர். குடும்பத்தாரும் அச்சபையிலேயே தொழுதுவந்தனர். ஸ்காட்லாந்தில் 18 ஆம் நூற்றாண்டில் ஜான் கிளாஸ் என்பவராலும், அவர் மருமகனார் ராபர்ட் சாண்டிமன் என்பவராலும் வளர்ந்தது அச்சபை. அதன்கண் சம்பளம் பெறும் குருமார் இல்லை; சபையார் தெரிந்தெடுத்த மூப்பர்களே போதிப்பர். எளியோரைத் தாங்குதல் யாவர்க்கும் கடமையாக விதிக்கப்பட்டிருந்தது. பூமியிற் பொருளைக் குவித்து வைத்தலாகாது என்னும் மலைப்பிரசங்கப் போதனையை அவர்கள் உவமையாகக் கொள்ளாது உள்ளவாறே கொண்டனர். பாரடே பிற்காலத்திற் செய்த செயல்கள் சிலவற்றின் வேர் இங்கேதான் உள்ளது.

1804 ஆம் ஆண்டில் மைக்கேல், ஜார்ஜ் ரீபோ என்னும் புத்தக வியாபாரியிடம் ஏவற் பையனாக அமர்ந்தார். பத்திரிகைகளை வீடுதோறும் கொண்டுசென்று கொடுத்து, படித்து முடித்தபின் அவற்றைத் திரும்ப வாங்கிவருதலே முதல் வேலை. அடுத்த ஆண்டில் ரீபோ அவரை ஏழாண்டு புத்தகங் கட்டும் தொழில் பழகச் சேர்த்துக்கொண்டார். வழக்கமாகப் பெறும் பணத்தையும் வேண்டாது, சிறுவரது உண்மையான ஊழியத்தையே அதற்கு ஈடாகக் கொண்டார். கட்டுதற்கு வந்த நூல்களின் உள்ளே இருப்பது யாதென அறியும் வேட்கை மைக்கேலுக்கு உண்டாயிற்று. கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்சாரத்தைப்பற்றி எழுதியிருந்த கட்டுரையும், ஜேன் மார்செட் என்னும் அம்மையார் எழுதிய ரசாயன நூலும் அவர் கண்களைத் திறந்தன. தம்மாலியன்ற சில்லறைக் காசைச் செலவிட்டுச் சிறு சோதனைகளைச் செய்து, நூலிற் கூறியது மெய்யோவென்று தாமே பார்த்தறிந்தார். 1810 ஆம் ஆண்டில் தந்தையார் இறந்தார். அவ்வாண்டிலேயே, கருமாராகிய தமையனார் ராபர்ட் ஒரு ஷில்லிங் வீதம் கொடுத்துதவ, மாலைவேளைச் சொற்பொழிவுகளுக்கும் மைக்கேல் சென்றுவந்தார்.

1812 ஆம் ஆண்டில், கடைக்கு வரும் கனவான் ஒருவர், ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்னும் விஞ்ஞான நிலையத்தில் ஸர் ஹம்பிரி டேவி நிகழ்த்திய சொற்பொழிவுகளில் நான்கிற்கு அனுமதிச் சீட்டு அளித்தார். மைக்கேல் கேட்டவற்றையெல்லாம் குறித்துவந்து, விரித்தெழுதி, கருவிகளின் படங்களையும் வரைந்து சேர்த்தார். இனி விஞ்ஞானத்திற்கே ஊழியஞ் செய்தல் வேண்டுமென்னும் ஆவல் மேலிட்டது. ஆனால் கருமார் மகனுக்கு அவ்வாயிலைத் திறப்பவர் யார்? விஞ்ஞான சங்கமாகிய ராயல் சொஸைட்டியின் தலைவருக்கு, எத்துணைத் தாழ்ந்த வேலையாயினும் தருமாறு ஒரு கடிதம் எழுதினார். விடை வரவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் தொழிற்பழக்கம் முடிவுற, வேறொரு முதலாளியிடம் கூலிக்குப் புத்தகங் கட்டச் சென்றார். அங்கே அவர் மனம் அமைதியுறவில்லை.

வேலை தேடும் இளைஞர் அறிய வேண்டுவது இவ்விடத்தில் உண்டு. விடை வராமை கண்டு பாரடே தம் நம்பிக்கையை இழந்திலர். தெய்வம் வழிவிடும்போது விடட்டுமென்று கைகட்டியும் இருந்திலர். தாம் எழுதிய குறிப்புக்களைத் தம் கையாலேயே அழகிய புத்தகமாகக் கட்டி, அவ்வாண்டு டிசம்பரில் டேவிக்கே ஒரு கடிதத்தோடு அனுப்பினார். எத்தொழிலினின்றும் விடுபட விரும்பினாரோ அத்தொழிலிற் பெற்ற திறமையே அவருக்குச் சான்றுப் பத்திரமாயிற்று. மனமொவ்வாத வேலையையும் அவர் ஒழுங்காகக் கற்றிராவிடின் அப்புத்தகம் உருப்பெற்றிராது.

டேவி அன்போடு விடை விடுத்து, அடுத்த மாதத்தில் அவரை அழைத்துப் பேசினார். வியாபாரம் தன்னலம் மிக்கதென்றும், விஞ்ஞானம் தன்னைப் பயில்வோரை உயர்ந்த குணமுடையோராக்குமென்றும் தாம் நம்புவதாகப் பாரடே கூறியிருந்தார். டேவி புன்னகை செய்து, சில ஆண்டு அனுபவம் அவ்வெண்ணத்தைத் திருத்துமென்று கூறி, புத்தகங் கட்டும் தொழிலைவிடாதிருக்கும்படி அறிவுரை தந்தனுப்பினார். ஆயினும் சிறிது காலத்தில் நிலையத்துப் பரிசோதனைச் சாலையின் உதவியாளர் ஒருவர் சண்டையிட்டதால் நீக்கப்பட, டேவி பாரடேயை நினைந்து ஆளனுப்பினார். 1813 ஆம் ஆண்டு மார்ச்சு முதல் தேதியில் பாரடே அங்கே அமர்ந்தார். வாரத்திற்கு 25 ஷில்லிங்கும், மேல்மாடியில் இரண்டு அறைகளுமே சம்பளம். குடுவைகளைக் கழுவுதலும், சொற்பொழிவுக்கு வேண்டிய கருவிகளை எடுத்துவைத்தலும் வேலை.

டேவியின் தீர்க்கதரிசனம் விரைவிற் பலித்தது. அவ்வாண்டு அக்டோபரில் டேவி தம் மனைவியாரோடு ஐரோப்பிய யாத்திரை புறப்பட்டபோது, உடன் செல்லவேண்டிய பணியாள் வர மறுத்தான். எழுத்துத் துணைவராகச் சென்ற பாரடே அவன் வேலையையும் செய்ய வேண்டியதாயிற்று. டேவியின் மனைவியார் அவரை வேலைக்காரராகவே நடத்தினார். மனம் புண்பட்டு இடைவழியில் ஊர் திரும்பவும் நினைத்தார். எனினும் கற்கத்தக்கவை பலவிருத்தலின் பொறுத்திருந்து, 1815 இல் லண்டன் சேர்ந்தார். ஆண்டுகள் சில சென்று, காந்தத்தைச் சுற்றி மின்கம்பி சுழலும் விந்தையை 1821 இல் அவர் வெளியிட்டபோது, வேறொரு அறிஞரின் கருத்தைக் கவர்ந்தாரென்று அபவாதம் எழுந்தது. பாரடே முறைமுகமாகப் பேசித்திரியாது, உரியவராகிய உல்லாஸ்டன் என்பாருக்கே நேரே எழுதி அதனைத் தெளிவுபடுத்த முயன்றார். 1824 இல் அவர் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினராகத் தெரிந்தெடுக்கப்பட்டபோது அதனைத் தடுக்க முயன்றவர் அவரை வளர்த்த டேவியே. அதன் பின்னரும் பாரடே டேவியின் பெருமையையே பேசிவந்தார். விஞ்ஞானிகளும் மனிதரே என்பதை அவர் கண்டுகொண்டார். கண்டும் நன்றி மறந்திலர்.

1821 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சாரா பர்னார்டு என்னும் மாதரசியாரை மணந்தார். அவரும் அச்சிறு சபையினரே. மறுமாதத்திற் பாரடே சபையார் முன்னிலையில் தம் விசுவாசத்தை அறிக்கையிட்டு முழு அங்கத்தினரானார். பின்னர் மூப்பராகவும் ஏற்படுத்தப்பட்டுப் போதித்தும், பிணியாளரையும் ஏழைகளையும் இல்லந்தோறும் சென்று கண்டும் வந்தார். அச்சபையின் ஒழுங்கோ கடுமையானது. 1844 இல் சில வாரங்கள் அவரே சபையினின்று விலக்கப்பட்டு, மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். உலகம் போற்றும் பேரறிஞர் அத்தாழ்வை ஏற்றுச் சபையிலேயே நிலைத்திருந்தார்.

1831 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29 ஆம் தேதி, இரும்பு வளையமொன்றில் இருபுறமும் கம்பிச் சுருள்களைச் சுற்றி, ஒன்றிற் பாயும் மின்சாரத்தைத் தொடுக்கும்போதும் துண்டிக்கும்போதும் மற்றொன்றில் மின்சாரம் தோன்றக் கண்டார். இன்றைக்கும் மின்னாக்கி நிலையங்கள் இக்கண்டுபிடிப்பை அடிப்படையாகக் கொண்டே இயங்குகின்றன. இக்கண்டுபிடிப்பின் வாயிலில் அவர் இருவழி கூடுமிடத்தில் நின்றார் என்பதே நாம் கருதத்தக்கது. அந்நாட்களில் தொழிற்சாலையாரும் வழக்காடுவோரும் அவரிடம் ரசாயன ஆலோசனை வேண்டிப் பொருளை வாரி வழங்கினர். ஓராண்டில் அவ்வகையில் வந்த வருவாய் 1,090 பவுன். அவர் நிலையத்திற் பெற்ற சம்பளமோ ஆண்டிற்கு 100 பவுன். குடியிருக்க இடமும் நிலக்கரியும் மெழுகுவர்த்தியும் உடன் உண்டு. ஆராய்ச்சியும் ஆலோசனைத் தொழிலும் ஒருங்கு செல்லமாட்டா என்று கண்டபோது அவர் ஆராய்ச்சியையே தெரிந்துகொண்டார். 1832 இல் அவ்வருவாய் 155 பவுனாகச் சுருங்கியது. 1838 இல் ஒன்றுமில்லாது போயிற்று. அவருக்குப்பின் அந்நிலையத்தில் விளங்கிய ஜான் டிண்டல், பாரடே இழந்த செல்வம் வாழ்நாளில் 1,50,000 பவுன் வரையாகும் என மதித்தார்.

இத்துறவுக்குக் காரணம் பக்தி மட்டுமே என்று நாம் கூறோம். இயற்கையின் உண்மைகளை அறியும் தணியாத ஆசையும் காரணமே. ஆயினும் செல்வஞ் சேர்த்தலை வாழ்க்கையின் நோக்கமாகக் கொள்ளாத சபையில் வளர்ந்தவராதலின், அவ்வாசையைப் பின்பற்றுதல் அவருக்கு எளிதாயிற்று. மற்றொன்றும் மறைத்தற்குரியதன்று. அவருக்கு மக்கட்பேறு இல்லை; தங்குமிடத்திற்கு வாடகையும் இல்லை. பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் தாங்கவேண்டிய இளைஞர் யாவரும் அவரைப்போலவே பொருளைத் தள்ளுதல் வேண்டுமென்று விதிப்பது கொடுமையாம். அவர்தாமும் தொடக்கத்தில் தம் சிறு சம்பளத்தைக்கொண்டு விதவையாகிய தாயாருக்கு உதவியவரே. தமக்குப் போதுமானது எவ்வளவென்று ஒருவர் தம் மனச்சாட்சியைக் கேட்டறிந்து ஓர் எல்லை வகுத்துக்கொள்ளுதல் கூடும் என்பதையே அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.

பொருளை வெறுத்தவர் அவர் என்று எண்ணுதலும் பிழை. 1835 இல் அரசாங்கம் அவருக்கு ஆண்டுதோறும் 300 பவுன் உபகாரச் சம்பளம் அளிக்க எண்ணியது. பிரதம மந்திரி மெல்பர்ன் பிரபு அவரை அழைத்துப் பேசுகையில், அறிஞர்க்கும் புலவர்க்கும் அத்தகைய பணம் கொடுக்கும் முறையையே இழிவாகப் பேசினார். பாரடே அன்று மாலையே அதனை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். மந்திரி எழுத்துமூலமாக வருத்தந் தெரிவித்த பின்னரே அதனை ஏற்றார். கூலி பெறுதல் தாழ்வன்று. மானத்தை விற்றுப் பெறுதலே தாழ்வு என்பது அவர் கொள்கை. லண்டன் சர்வகலாசாலை ரசாயன ஆசிரியர் பதவியைத் தர முன்வந்தபோதும், தம்மை ஆளாக்கிய நிலையம் பண நெருக்கடியிலிருக்க அதனைவிட்டுப் போதல் தகாதென்று மறுத்தார்.

இனி அவர் ஏற்றுக்கொண்ட வேலைகளையும் நோக்குவோம். 1836 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், இங்கிலாந்தின் கலங்கரை விளக்கங்களைக் காக்கும் டிரினிடி ஹவுஸ் என்னும் சங்கத்திற்கு ஆண்டிற்கு 200 பவுன் பெற்று ஆலோசகராக இருந்தார். பெரும்புகழ் தராத வேலை அது. ஆயின் கடலிற் செல்வோர் உயிர் அவ்விளக்குக்களின் ஒளியைப் பற்றி நின்றது. எண்ணெய் விளக்கின் புகையும் நீராவியும் கண்ணாடியிற் படிந்து ஒளியை மழுக்குதல் கண்டு, அவற்றை வெளியேற்றும் குழாயொன்றை அமைத்தார். அதன் பயனைத் தமக்கென வைத்துக்கொள்ளாது தமையனார் ராபர்ட்டுக்கு அளித்தார். 1860 ஆம் ஆண்டு பிப்ரவரியில், 68 வயதில், பனி மூடிய வழியில் வேலிகளையும் சுவர்களையும் ஏறிக்கடந்து, மின்னொளியைச் சோதிக்கத் தென் போர்லாந்து விளக்கத்தை அடைந்தார். சிறுவர்க்கென்று கிறிஸ்துமஸ் காலத்தில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகளிலும் அதே சிரத்தையைக் காணலாம். ஒரு மெழுகுவர்த்தியையே எடுத்துக்கொண்டு ரசாயன சாஸ்திரத்தை விளங்கச் செய்தார்.

வேலையை ஏற்பதிற்போல விடுவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. நினைவாற்றல் தளர்வதை உணர்ந்த பாரடே, பிறர் சொல்லும்வரை காத்திராமல் பொறுப்புக்களை ஒவ்வொன்றாகத் துறந்தார். 1861 இல் சிறுவர் சொற்பொழிவை விட்டார்; 1864 இல் நிலையத்தின் தலைமைப் பதவியை வேண்டாமென்றார்; 1865 இல் கலங்கரை விளக்க வேலையையும் விட்டார். விக்டோரியா மகாராணியார் அளித்த ஹாம்ப்டன் கோர்ட்டு இல்லத்தில் 1867 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 25 ஆம் தேதி, தம் நாற்காலியில் அமர்ந்தவாறே உயிர் நீத்தார். ஹைகேட் மயானத்தில் ஆடம்பரமின்றி அடக்கம் நடைபெற்றது. கல்லறையில் அவர் பெயரும், பிறந்த நாளும், இறந்த நாளுமே பொறிக்கப்பட்டுள்ளன. பட்டம் ஒன்றும் இல்லை. பதவி ஒன்றும் இல்லை.

மாணாக்கரே, உங்களிற் சிலர் விரும்பிய உத்தியோகத்தை விரைவில் அடைவீர்கள். சிலர் விடைவராத கடிதங்களை எழுதிக்கொண்டிருப்பீர்கள். இருதிறத்தார்க்கும் இச்சரிதம் துணையாகுக. பாரடேயின் விசுவாசம் அவருக்கு வேலை வாங்கிக்கொடுக்கவில்லை; பரிசோதனையின் விடையையும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கதவு அடைபட்டபோது சோர்ந்துபோகாமலும், சிறுவேலையை இகழாமலும், பெருஞ் செல்வத்தின் முன் மயங்காமலும், புகழின் உச்சியிற் செருக்குறாமலும் அவரைக் காத்தது அதுவே. உத்தியோகம் கிடைப்பதற்கு முன்னும், கிடைத்த பின்னும், அதனை விட்டு நீங்கும் நாளிலும் நமக்கு வேண்டுவது இதனினும் வேறு யாது?